சுன்னத், விருத்தசேதனம், முன்தோல் நீக்கம்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் அறுவைக் கூடத்திலும் அறுவைப் பிரிவு வார்டிலுமாக 26 ஆண்டுகள் வேலை பார்த்த ஆண் செவிலியர் நான். மருத்துவர் அல்ல. ஆனால் முன்தோலைப் பற்றிய சந்தேகத்தை மருத்துவரிடம் நேருக்கு நேர் கேட்பவர்கள் குறைவு. அவர் அறையை விட்டு வெளியே வந்து, கட்டுப் போடும் அறையின் வாசலில் நின்று, குரலைத் தாழ்த்தி, "சாரே, ஒரு சந்தேகம்" என்று என்னிடம்தான் கேட்பார்கள். அப்படி வந்த கேள்விகள் இவை.

பள்ளிவாசல் தெருவில் சுன்னத், மார்க்கக் கல்யாணம், வேதாகமத்தில் விருத்தசேதனம், மருத்துவச் சீட்டில் முன்தோல் நீக்கம். பெயர் எதுவானாலும் ஆண்குறி நுனியிலுள்ள மொட்டு என்ற பகுதியை மூடியிருக்கும் தோலை வெட்டி எடுப்பதுதான் செயல்.

முன்தோல் எதற்காக இருக்கிறது? வெட்டினால் நஷ்டமா?

மொட்டை மூடிக் காக்கிறது, உலராமல் வைத்திருக்கிறது. தொடுஉணர்ச்சிக்கான நரம்பு முனைகள் அதில் நிறைய உண்டு. அது இல்லாமலும் உலகில் கோடிக்கணக்கான ஆண்கள் எந்தக் குறையும் இல்லாமல் வாழ்கிறார்கள். இல்லாவிட்டால் வாழ முடியாத உறுப்பும் அல்ல, படைத்தவன் தவறிப்போய் ஒட்டிவைத்த உபரியும் அல்ல.

என் மகனுக்கு 4 வயது. தோல் பின்னால் போகவே இல்லை. அறுவை செய்ய வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். என்னிடம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான்.

பிறக்கும்போது முன்தோலின் உட்புறமும் மொட்டும் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கும். அந்த ஒட்டு தானாக, மெதுவாக, ஆண்டுக்கணக்கில் பிரியும். சிலருக்கு 3 வயதில், சிலருக்கு 8 வயதில், இன்னும் சிலருக்கு மீசை அரும்பும் பருவத்தில். டென்மார்க் பள்ளி மாணவர்களைத் தொடர்ந்து பரிசோதித்து 1968இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. 6, 7 வயதில் 100 பேரில் 8 பேருக்குத் தோல் இறுக்கமாக இருந்தது. 16, 17 வயதில் அது 100இல் ஒருவராகக் குறைந்துவிட்டது. நடுவே கத்தி வரவில்லை, வயதுதான் வந்தது.

இரணியல் பக்கத்திலிருந்து ஒரு தாய் வந்தார். பள்ளிக்கூடப் பரிசோதனையில் கொடுத்த சீட்டில் 'ஃபைமோசிஸ்', அதாவது முன்தோல் இறுக்கம், என்று எழுதியிருந்தது. அந்தச் சொல்லைப் புற்றுநோய் என்று நினைத்துக்கொண்டு இரண்டு இரவு தூங்கவில்லையாம். எங்கள் அறுவை மருத்துவர் பையனைப் படுக்கவைத்து, தோலைப் பின்னால் தள்ளவில்லை. இரு விரலால் பிடித்து மெல்ல முன்னால் இழுத்தார். நுனி, செம்பருத்தி மொட்டு அவிழ்வதுபோல மென்மையாக மடிப்பு மடிப்பாக விரிந்தது. உள்ளே இளஞ்சிவப்பு நிறம். "ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள்" என்றார். இதே சோதனையில் நுனி வெளுத்து, தடித்து, வளையம்போல் விறைப்பாகத் தெரிந்தால் அது வேறு கதை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

குளிப்பாட்டும்போது தினமும் தோலைப் பின்னால் தள்ளிக் கழுவ வேண்டும் என்று ஆச்சி சொல்கிறார். சரிதானா?

சரியல்ல. தானாகப் போகும் அளவுக்கு மேல் ஒரு நூல்கூடத் தள்ளக் கூடாது. ஆச்சிகள் தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டு, பிள்ளை வீறிட வீறிட, "அழாதே மக்களே" என்று சொல்லியபடியே இதைச் செய்கிறார்கள். அன்பில் குறையில்லை. ஆனால் ஒட்டை வலிந்து பிரிக்கும்போது உள்ளே கிழிகிறது. கிழிந்த இடம் தழும்பாக ஆறுகிறது. இயல்பாகப் பிரியவிருந்த தோல் அந்தத் தழும்பினால் நிரந்தரமாக இறுகிவிடுகிறது. இல்லாத நோயைக் கையாலேயே உண்டாக்கும் வேலை இது.

சிறு வயதில் வெளிப்புறத்தை வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். தோல் தானாகப் பின்னால் போகத் தொடங்கிய பிறகு, பையனுக்கே சொல்லிக்கொடுங்கள்: பின்னால் தள்ளு, தண்ணீரில் கழுவு, மறக்காமல் முன்னால் இழுத்துவிடு. இந்த மூன்றாவதுதான் முக்கியம்.

சிறுநீர் கழிக்கும்போது நுனி பலூன்போல உப்புகிறது. தோலுக்கு அடியில் வெள்ளை உருண்டை வேறு தெரிகிறது.

ஒட்டு பிரிந்துகொண்டிருக்கும் காலத்தில் இரண்டும் இயல்பு. வெள்ளை உருண்டை சீழ் அல்ல. உதிர்ந்த தோல் அணுக்கள் திரண்டது, நாளடைவில் தானே வெளியேறும். வலி, சிவப்பு, காய்ச்சல், சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருவது, இவற்றில் ஒன்று சேர்ந்தால் காட்டுங்கள்.

அப்படியானால் அறுவை கட்டாயம் தேவைப்படுவது யாருக்கு?

முதலாவது, மேலே சொன்ன வெள்ளை வளையம். லைக்கன் ஸ்க்ளிரோசஸ் என்ற தோல் நோய் அது. இறுக்கம் நாளுக்கு நாள் கூடும். விட்டுவைத்தால் மொட்டிலும் சிறுநீர்த் துவாரத்திலும் பரவி, சிறுநீர்ப் பாதையையே சுருக்கிவிடும். நன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்த தோல் பிறகு போகாமல் நின்றுவிட்டது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிப்பார்கள். இங்கே தோலை முழுவதுமாக எடுப்பதே முக்கியச் சிகிச்சை. தள்ளிப்போடுவதில் லாபமே இல்லை.

இரண்டாவது, முன்தோலும் மொட்டும் திரும்பத் திரும்பப் புண்ணாவது. ஒருமுறை வந்ததற்கெல்லாம் வெட்டுவதில்லை. மூன்றாவது, சிறுநீர் பின்னோக்கிச் சிறுநீரகம் வரை ஏறும் கோளாறுள்ள குழந்தைகளில் சிலர். நான்காவது, வளர்ந்த ஆணுக்கு இறுக்கத்தால் உடலுறவில் வலியோ கிழிசலோ இருந்து, களிம்பு பயன் தராதபோது.

களிம்பிலேயே சரியாகும் என்கிறார்களே?

தழும்பில்லாத சாதாரண இறுக்கம் பெரும்பாலும் சரியாகும். பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு களிம்பை இறுகிய வளையத்தின் மேல் மெல்லிய பூச்சாக, நாளுக்கு இருமுறை, 4 முதல் 8 வாரம் தடவி, கூடவே வலிக்காத அளவுக்குத் தோலைத் தளர்த்திவர வேண்டும். பத்தில் ஏழெட்டுப் பேருக்குப் பலன் கிடைக்கிறது. பலன் கிடைக்காதவர்கள் பெரும்பாலும் நாலு நாள் தடவிவிட்டு நிறுத்தியவர்கள், அல்லது வளையத்தை விட்டுவிட்டு மேல் தோலில் பூசியவர்கள். மருந்துக்கடையில் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். மருத்துவர் சீட்டோடு வாங்குங்கள்.

தோல் முழுவதையும் எடுக்காமல், இறுகிய இடத்தை மட்டும் கீறித் தளர்த்தித் தைக்கும் சிறு அறுவையும் உண்டு. அடிப்புறத்தில் நரம்புபோல இழுத்துப் பிடிக்கும் மடிப்பு மட்டும் குட்டையாக இருந்தால் அதை மட்டும் சரிசெய்யலாம். இந்த வழிகளை மருத்துவரே சொல்லாவிட்டாலும் நீங்கள் கேளுங்கள்.

எனக்கு 52 வயது. இதுவரை ஒரு தொல்லையும் இல்லை. ஆறு மாதமாகத் தோல் நுனியில் வெடிப்பு, எரிச்சல். இப்போது பின்னால் போகவே மாட்டேன் என்கிறது.

இன்றைக்கே சர்க்கரையைப் பாருங்கள். வெறும் வயிற்றில் பார்ப்பதோடு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையும் செய்துகொள்ளுங்கள். நடுவயதில் புதிதாக வரும் முன்தோல் இறுக்கம், சர்க்கரை நோயின் முதல் அறிகுறியாக இருப்பது மிகச் சாதாரணம். சிறுநீரில் சர்க்கரை கசிகிறது. ஈரமும் இனிப்பும் சேர்ந்த இடத்தில் பூஞ்சை குடியேறுகிறது. நுனியில் நெடுக்குவாட்டில் கோடு கோடாக வெடிக்கிறது. ஆறி ஆறித் தழும்பாகிறது. அந்தக் கோடுகளைப் பார்த்ததும், பெயரைக் கேட்கும் முன்பே, ரத்தம் எடுக்க ஊசியைத் தேடுவார் எங்கள் மருத்துவர்.

சர்க்கரை இருப்பது தெரிந்தவர்களுக்கு இன்னொரு செய்தி. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைகள் இப்போது பரவலாக எழுதப்படுகின்றன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லவை. ஆனால் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றித்தான் அவை வேலை செய்கின்றன. ஆகவே இந்த இடத்தில் பூஞ்சைத் தொற்று கூடும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தொற்று இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். பெரும்பாலோருக்குப் பூஞ்சைக் களிம்பும் சர்க்கரைக் கட்டுப்பாடும் போதும். மனைவிக்கும் அரிப்பு இருந்தால் இருவரும் சேர்ந்து மருத்துவம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தொற்று மாறி மாறி வந்துகொண்டிருக்கும். தழும்பு விழுந்து இறுகிவிட்டவர்களுக்குத்தான் அறுவை. அதுவும் சர்க்கரையைக் குறைத்த பிறகு.

ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டும் ஒருவர் ஒன்றரை ஆண்டு இதை மறைத்தார். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சிறுநீர் நூலாக வரத் தொடங்கிய பிறகுதான் வந்தார். சர்க்கரை 380. அவருக்கு அறுவை முடிந்து தையல் ஆறியது 5 வாரத்தில். இதையா ஒன்றரை வருடம் சுமந்தேன் என்று அவரே தலையில் அடித்துக்கொண்டார்.

பின்னால் தள்ளிய தோல் திரும்ப முன்னால் வரவில்லை. காலை வரை பார்க்கலாமா?

பார்க்கக் கூடாது. நள்ளிரவானாலும் வண்டி பிடியுங்கள். மொட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட தோல், ரப்பர் வளையம் போட்டதுபோல ரத்த ஓட்டத்தை நெரிக்கிறது. மொட்டு வீங்குகிறது, வீங்க வீங்க இன்னும் நெரிகிறது. பாராஃபைமோசிஸ் என்று பெயர். மணிக்கணக்கு நீண்டால் மொட்டே அழுகும் ஆபத்து உண்டு.

இதில் என் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, இரவுப் பணி. முதியவர் ஒருவருக்குச் சிறுநீர்க் குழாய் போட்டேன். தோலைப் பின்னால் தள்ளி, துடைத்து, குழாயைச் செலுத்தி, பையை மாட்டிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன். தோலை முன்னால் இழுத்துவிட மறந்துவிட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் முனகும் சத்தம் கேட்டுப் போர்வையை விலக்கினால், மொட்டுக்குப் பின்னால் கொழுக்கட்டைபோலப் பளபளவென்று வீங்கியிருந்தது. மூத்த செவிலியர் ஒரு வார்த்தை திட்டவில்லை. மரத்துப்போகும் ஜெல்லைத் தடவி, ஈரத்துணியால் சுற்றி, உள்ளங்கைக்குள் வைத்து நிதானமாக அழுத்திப் பிடித்தார். வீக்கம் வடிய பத்து நிமிடம் ஆனது. பிறகு இரு கட்டைவிரலால் மொட்டை உள்ளே தள்ளி, மற்ற விரல்களால் தோலை முன்னால் இழுத்தார். வந்துவிட்டது. வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் முதியவருக்குக் குழாய் மாற்ற ஆள் வந்துபோனால், அவர் போன பிறகு நீங்கள் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தூத்தூர், சின்னத்துறைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். போனால் கரை திரும்ப வாரக்கணக்காகும் உங்களுக்கு. இப்படி ஒருமுறை மாட்டி விடுபட்டவர் அடுத்த பயணத்துக்கு முன் மருத்துவரைப் பார்த்துவிட்டே படகு ஏறுங்கள். நடுக்கடலில் இதற்கு வழியில்லை.

நோய் எதுவும் இல்லாத குழந்தைக்கு முன்கூட்டியே செய்துவைத்தால் சிறுநீர்த் தொற்று வராதா?

குறையும் என்பது உண்மை. முதல் வயதில் முன்தோல் உள்ள ஆண் குழந்தைகள் 100 பேரில் ஏறக்குறைய ஒருவருக்குச் சிறுநீர்த் தொற்று வருகிறது. நீக்கியவர்களில் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பத்து மடங்கு என்றதும் மலைக்கத் தோன்றும். கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: ஒரே ஒரு தொற்றைத் தடுக்க ஆரோக்கியமான குழந்தைகள் 111 பேருக்கு அறுவை செய்ய வேண்டும் என்று 2005இல் வந்த ஆய்வுத் தொகுப்பு கணக்கிட்டது. தொற்று அடிக்கடி வரும் குழந்தை என்றால் அந்த எண் 11. சிறுநீர் கடுமையாகப் பின்னேறும் குழந்தை என்றால் 4. ஒரே அறுவை ஒரு குழந்தைக்கு வீண், இன்னொரு குழந்தைக்குச் சிறுநீரகத்தைக் காக்கும் காரியம். யாருக்கு என்று பாராமல் நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பொருளில்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

எய்ட்ஸ் வராது என்று சொல்கிறார்களே?

தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா மூன்று நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2005க்கும் 2007க்கும் இடையே வந்தன. பெண்ணிடமிருந்து ஆணுக்கு எச்ஐவி தொற்றும் வாய்ப்பு, முன்தோல் நீக்கிய ஆண்களுக்கு 50 முதல் 60 சதவீதம் வரை குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் 2007இல் இதைப் பரிந்துரைத்தது; ஆனால் நோய் மிகுந்திருந்த கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளை மனதில் வைத்து. அங்கே சில இடங்களில் பத்துப் பெரியவர்களில் ஒருவருக்கும் மேல் எச்ஐவி இருந்தது. இந்தியாவில் 1000 பேரில் ஏறக்குறைய 2 பேர். அந்த ஊர் மருந்தை அப்படியே இந்த ஊருக்குக் கொண்டுவர முடியாது.

குறையும் என்பதை வராது என்று மாற்றிப் படித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆணுறையின் இடத்தை இது பிடிக்காது. பெண்ணுக்கு நேரடிக் காப்பும் தராது. புண் ஆறும் முன் உறவு கொண்டால் தொற்றும் வாய்ப்பு கூடத்தான் செய்யும். பிறப்புறுப்பில் கொப்புளம் உண்டாக்கும் அக்கி வகை வைரஸும், உடலுறவில் பரவிப் புற்றுநோய்க்கும் காரணமாகும் எச்பிவி வைரஸும் ஓரளவு குறைவதாக உகாண்டா ஆய்வு காட்டியது. மேகவெட்டை என்ற கொனோரியாவுக்கு அப்படிப் பலன் தெரியவில்லை.

ஆண்குறிப் புற்றுநோய்?

சிறு வயதிலேயே நீக்கியவர்களுக்கு அது மிக அரிது. நீக்காதவர்களுக்கும் அரிய நோய்தான். நீங்காத இறுக்கம், அதற்கடியில் ஆண்டுக்கணக்கில் தேங்கும் கசடு, எச்பிவி, புகைப்பழக்கம் ஆகியவைதான் ஆபத்தைக் கூட்டுகின்றன. வளர்ந்த பிறகு செய்துகொள்வதால் அதே காப்பு கிடைப்பதாகத் தெரியவில்லை. மூன்று வாரத்தில் ஆறாத புண்ணோ, கட்டியோ, தோலுக்கடியிலிருந்து ரத்தமோ துர்நாற்றமோ வந்தால் வெட்கத்தை வீட்டில் வைத்துவிட்டு மருத்துவமனைக்கு வாருங்கள். மனைவிக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வருவதைத் தடுக்க நினைத்தால், மகள்களுக்கு எச்பிவி தடுப்பூசியும் மனைவிக்குப் பரிசோதனையும்தான் நேர்வழி.

சுகம் குறையுமா? விரைவில் விந்து வருவது சரியாகுமா?

ஆப்பிரிக்க ஆய்வுகளில் பங்கேற்ற ஆயிரக்கணக்கான ஆண்களிடம் சராசரியாகக் குறைவு தெரியவில்லை. நுண்ணிய தொடுஉணர்ச்சி குறைவதாகச் சொல்லும் வேறு ஆய்வுகளும் உண்டு; அந்த விவாதம் ஓயவில்லை. இறுக்கத்தால் வலியோடு வாழ்ந்தவர்கள் அறுவைக்குப் பின் நிம்மதியாக இருப்பதை நானே கேட்டிருக்கிறேன். விந்து விரைவதற்கு இது சிகிச்சை அல்ல. அப்படி விளம்பரம் செய்பவரிடம் போகாதீர்கள்.

அறுவையால் வரக்கூடிய கேடுகள் என்னென்ன?

ரத்தக்கசிவும் தொற்றும் முதலில். பிறகு, தோல் கூடுதலாகவோ குறைவாகவோ வெட்டுப்படுவது. வெட்டிய விளிம்பு மொட்டோடு பாலம்போல ஒட்டிக்கொள்வது. கைக்குழந்தைகளுக்கு மாதங்கள் கழித்துச் சிறுநீர்த் துவாரம் சுருங்கி, நீர் ஒருபக்கமாகச் சாய்ந்து பீறிடுவது. அரிதாக மொட்டோ சிறுநீர்க் குழாயோ காயப்படுவது. 2010இல் வந்த ஓர் உலகளாவிய தொகுப்பின்படி, கைக்குழந்தைகளில் 100க்கு ஒன்றிரண்டு பேருக்கும், அதைவிடப் பெரிய சிறுவர்களில் 100க்கு ஏறக்குறைய 6 பேருக்கும் ஏதாவது சிக்கல் வந்தது. பெரும்பாலானவை சிறியவை. பயிற்சி இல்லாத கை, சுத்தமில்லாத இடம் என்றால் இந்த எண்கள் பொருந்தாது. பல மடங்கு ஏறும்.

கனடாவில் 1966இல் ஒரு கைக்குழந்தைக்கு இறுக்கம் என்று சொல்லி மின்சூட்டுக் கருவியால் செய்தபோது உறுப்பே கருகிப்போனது. உலகம் முழுவதும் அறுவை மாணவர்களுக்குச் சொல்லப்படும் கதை அது. அந்தக் குழந்தைக்கு இருந்த இறுக்கம் தானாகச் சரியாகக்கூடியது. அதே காரணத்துக்காகப் பார்க்க வந்து அறுவை செய்யப்படாமல் விடப்பட்ட அவனுடைய இரட்டைச் சகோதரனுக்குச் சரியாகிவிட்டது.

யாருக்குச் செய்யவே கூடாது?

சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்புறத்தில் இருக்கும் குழந்தைகளுக்கு. இதை அழுத்தி எழுதுகிறேன். அந்தக் குறையைச் சரிசெய்யும் அறுவையில் புதுக் குழாய் உண்டாக்கப் பலமுறை முன்தோலைத்தான் துணிபோலப் பயன்படுத்துவார்கள். அதை வெட்டி எறிந்துவிட்டு வந்தால் மருத்துவர் கையைப் பிசைவதைத் தவிர வேறு செய்ய முடியாமல் போகும். இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு முன்தோல் மேல்புறம் மட்டும் குல்லாய்போல இருக்கும். சில வீடுகளில் இதைப் 'பிறவிச் சுன்னத்' என்று பெருமையாகச் சொல்வதுண்டு. பெருமை இருக்கட்டும், ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ரத்தம் உறையாத நோய் உள்ள குடும்பத்தில் சோதனை செய்யாமல் கத்தி வைக்கக் கூடாது. தாய்மாமனுக்குப் பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்கவில்லை என்றால் அதுகூட ஒரு செய்தி, சொல்லிவிடுங்கள். குறைமாதக் குழந்தை, காய்ச்சல் உள்ள குழந்தை, கொழுப்புக்குள் உறுப்பு புதைந்து தெரியும் குண்டுக் குழந்தை ஆகியோருக்குத் தள்ளிப்போட வேண்டும்.

நாங்கள் தக்கலைப் பக்கம். சுன்னத்தை எங்கள் வாப்பா காலத்தில் ஒசான் (சுன்னத் செய்யும் நாவிதர்) வீட்டுக்கே வந்து செய்தார். இப்போது எங்கே செய்வது?

மார்க்கக் கடமையைச் செய்யாதீர்கள் என்று சொல்ல நான் யார்? செய்கிற முறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பழைய ஒசான்களில் சிலர் கைத்தேர்ச்சி மிக்கவர்கள். அவர்கள் செய்து நன்றாக ஆறியவர்கள் திருவிதாங்கோட்டிலும் கோட்டாற்றிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் இன்று தாத்தாக்களாக இருக்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது மரத்துப்போகும் ஊசி, கொதிகலத்தில் சுத்தமான கருவி, ரத்தம் நிற்காவிட்டால் அடுத்த அறையில் உதவி. இவை மூன்றும் உள்ள இடத்தில் செய்யுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடங்களில் அறுவைப் பிரிவில் போய்க் கேட்கலாம். விருந்து, மாலை, புதுச் சாரம் (கைலி) எல்லாம் ஆறிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வயது? பிறந்த சில வாரங்களில் ஊசி மட்டும் போட்டுச் செய்துவிடலாம், ஆறுவதும் வேகம். கைக்குழந்தைப் பருவத்தைக் கடந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படும். வலி தெரியாது என்று சொல்லி மரத்துப்போகும் மருந்தே இல்லாமல் கைக்குழந்தைக்குச் செய்வதை ஒப்புக்கொள்ளாதீர்கள், கைக்குழந்தைக்கும் வலிக்கும்.

முழு மயக்கம் என்றால் வெறும் வயிறு கட்டாயம். ஒரு மே மாதக் காலை, பட்டினியாக இருந்த பேரன் முகம் வாடியதைப் பொறுக்காமல் ஒரு பெரியம்மா முந்தானைக்குள் மறைத்து ஒரு மட்டிப்பழத்தைக் கொடுத்துவிட்டார். அறுவை மேஜையருகே பையனே சொல்லிவிட்டான், பழம் இனிப்பாக இருந்தது என்று. மயக்க மருத்துவர் கையுறையைக் கழற்றிவிட்டார்.

லேசர், ஸ்டேப்ளர், வளையம்: எது நல்லது?

வெட்டுவது கத்தியா, ஒளியா என்பதைவிட வெட்டும் கை யாருடையது என்பதுதான் பெரிது. கைக்குழந்தைகளுக்குப் பிளாஸ்டிக் வளையம் கட்டும் முறை பரவலானது. ஐந்து முதல் பத்து நாளில் தோலும் வளையமும் சேர்ந்து தானாக விழும். விழாமல் நின்றாலோ, உள்பக்கம் நழுவி மாட்டிக்கொண்டாலோ மருத்துவமனைக்கு வர வேண்டும், நீங்களே இழுக்கக் கூடாது. ஸ்டேப்ளர் பெரியவர்களுக்கு நேரத்தை மிச்சப்படுத்தும், செலவைக் கூட்டும். ஊசிகள் உதிர்ந்து முடிய சில வாரம் ஆகும். லேசர் என்ற சொல்லுக்குத் தனி மந்திரம் எதுவும் இல்லை.

நாங்கள் கிறிஸ்தவர்கள். எட்டாம் நாளில் ரத்தம் நன்றாக உறையும், அதனால் அன்றைக்குச் செய்ய வேண்டும் என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டோம்.

ஆதியாகமத்தில் எட்டாம் நாள் கட்டளை இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரத்தில் புறஜாதி விசுவாசிகளுக்கு அது தேவையில்லை என்று தீர்மானமானதும் இருக்கிறது. வேதத்தை உங்கள் போதகரோடு பேசுங்கள். மருத்துவத்தில், பிறந்த முதல் நாட்களில் வைட்டமின் கே குறைவாக இருப்பது உண்மை. அதற்காகத்தான் பிறந்தவுடனேயே தொடையில் ஒரு ஊசி போடுகிறார்கள். பரம்பரை ரத்தக் கோளாறு எட்டாம் நாளில் நீங்கிவிடாது. யூதர்களே, இரண்டு அண்ணன்மார் இதனால் ரத்தம் போய் இறந்திருந்தால் மூன்றாவது மகனுக்குச் செய்ய வேண்டாம் என்று பழங்காலத்திலேயே விதி வைத்திருந்தார்கள்.

செய்த பிறகு எத்தனை நாளில் ஆறும்? வேலைக்கு எப்போது போகலாம்?

கைக்குழந்தைக்கு ஒரு வாரம், பத்து நாள். மொட்டின் மேல் மஞ்சள் படலம் வந்தால் பயந்து தேய்க்காதீர்கள். ஆறும் தோல் அப்படித்தான் இருக்கும். சிறுவர்களுக்கு இரண்டு வாரம். பெரியவர்களுக்கு நாற்காலி வேலை என்றால் சில நாளில் போகலாம். மரம் ஏறுவது, சுமை தூக்குவது, வலை இழுப்பது எல்லாம் மூன்று நான்கு வாரம் கழித்து. உடலுறவு ஆறு வாரம் வரை கூடாது. வளைகுடாவிலிருந்து ஒரு மாத விடுமுறையில் வந்து, கடைசி வாரத்தில் செய்துகொண்டு விமானம் ஏறலாமா என்று கேட்பார்கள். விடுமுறையின் முதல் நாள் வாருங்கள், இல்லாவிட்டால் அடுத்த விடுமுறைக்கு வாருங்கள்.

முதல் வாரம் தளர்ந்த சாரம் போதும். ஜட்டி போட்டால் மேல்நோக்கித் தாங்கியிருக்க வேண்டும். விடியற்காலை விறைப்பில் தையல் இழுத்து வலிக்கும். எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு நடந்தால் அடங்கும். குளத்தில் குளிப்பது புண் மூடும் வரை கிடையாது. எவ்வளவு தெளிந்த குளமானாலும், எருமை இறங்காத குளம் நம் மாவட்டத்தில் எனக்குத் தெரியாது. கடலும் அப்படியே. உப்புத் தண்ணீர் புண்ணை ஆற்றும் என்பது கரையில் உட்கார்ந்திருப்பவர் சொல்வது.

பத்தியம் எதுவும் இல்லை. மீன் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று பிள்ளைக்கு இரண்டு வாரம் வெறும் கஞ்சி கொடுக்கிறார்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். சாளை, அயிலை, முட்டை எல்லாம் கொடுங்கள்.

எந்த அறிகுறி கண்டால் உடனே ஓடி வர வேண்டும்?

சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டால். எட்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாவிட்டால். மொட்டு நீலமாகவோ கறுப்பாகவோ மாறினால். காய்ச்சல், நாற்றமுள்ள சீழ், அடிவயிறு வரை பரவும் சிவப்பு. காப்பித்தூள், மஞ்சள்தூள், சாம்பல் எதையும் வைத்து அடைத்துவிட்டு வராதீர்கள். அதைக் கழுவி எடுப்பதிலேயே எங்களுக்கு அரைமணி நேரம் போய்விடும், பிள்ளைக்கும் உயிர் போய் வரும்.

மருத்துவச் சங்கங்கள் என்ன சொல்கின்றன? சட்டத் தடை உண்டா?

ஒரே குரல் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், நன்மை ஆபத்தைவிடக் கூடுதல் என்றும், ஆனாலும் எல்லாக் குழந்தைக்கும் பரிந்துரைக்கும் அளவுக்கு இல்லை என்றும் 2012இல் சொன்னது. கனடாச் சங்கம் 2015இல், பொதுவாக எல்லோருக்கும் பரிந்துரைப்பதில்லை என்றது. நெதர்லாந்து மருத்துவர் சங்கம் 2010இல், மருத்துவக் காரணமின்றிச் சிறுவர்களுக்குச் செய்வதை எதிர்த்தது. ஜெர்மனியின் கொலோன் நீதிமன்றம் 2012இல் அதைக் காயப்படுத்தல் என்று தீர்ப்பளிக்க, அதே ஆண்டு இறுதியில் நாடாளுமன்றம் அனுமதித்துச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் தடைச் சட்டம் இல்லை. குழந்தைகளுக்குச் செய்வதைத் தடுக்கக் கோரிய மனு ஒன்றை அண்டையிலுள்ள கேரள உயர் நீதிமன்றம் 2023இல் தள்ளுபடி செய்தது.

பெண் குழந்தைகளுக்கும் உண்டு என்கிறார்களே?

அதற்கு மருத்துவ நன்மை ஒன்றுகூடக் கிடையாது, கேடு மட்டுமே. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசாதீர்கள்.

வெட்டிய தோலை என்ன செய்வீர்கள்?

பெரியவர்களுடையதாக, அதிலும் வெளுத்த தழும்போ புண்ணோ உள்ளதாக இருந்தால், பார்மலினில் போட்டுத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவோம். அந்த அறிக்கையை வாங்கிப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். தையல் ஆறியதும் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். குழந்தைகளுடையது மஞ்சள் பையில் போய், மருத்துவக் கழிவோடு எரிக்கப்படும். திங்கள்சந்தைப் பக்கத்துத் தகப்பன் ஒருவர், வீட்டுத் தென்னையடியில் புதைக்க வேண்டும், கொடுங்கள் என்று விடாப்பிடியாக நின்றார். பை கட்டி எடுத்துப் போய்விட்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி சாரே, மரத்துக்குச் சாணியே போதும்" என்று சொல்லிவிட்டு, பிள்ளைக்கு மாத்திரை எத்தனை வேளை என்று கேட்டார்.